ஓடில்லாத சங்கு

நான், என் அம்மா, என் பெண்சாதி, அம்மாவின் தம்பியான மாமா. எங்கள் பக்கம் அவ்வளவுதான். அந்த வீட்டில் பையன், பையனின் அப்பா, பையனின் அம்மா. என் தங்கை வரவில்லை. அவளுக்காக மாப்பிள்ளை வீடு காணப் போனோம். பெண் கூட வருகிற வழக்கம் கிடையாது.

ராஜா சமஸ்தானம் போய்த் திரு-கொச்சி மாநிலம் ஆன புதிது. சங்கு போட்ட பழைய சமஸ்தானக் காசு சாலைக் கடைத்தெருவில் அப்போதும் ஓடியது. நான் அங்கே அரிசி மண்டியில் எடை போட்டேன். தங்கைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் வந்த இடங்களை மாமாதான் ஏதாவது குறை சொல்லிக் கலைத்தார். இதுவும் கலைந்தால் இனி யாரும் வர மாட்டார்கள். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி விழிஞ்ஞத்தில் இறங்கினோம். பையனின் அப்பாவுக்குக் கயிறு வியாபாரம். கடல் சத்தம் கேட்கிற வீடு. மாமா சுவரைத் தட்டிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார்.

இலை போட்டார்கள். மரச்சீனிக் கிழங்கு, சிப்பி வறுவல், நெய்மீன் குழம்பு. கடைசியில் கறுத்த மசாலாவில் மெல்லிசாக அரிந்த ஒரு கறி.

"இது என்ன சாதனம்?" என்றார் மாமா.

"சங்கு, அண்ணாச்சி. கடல்ல முங்கி எடுக்குற ஆளுங்க காலையில கொண்டு தந்தாங்க," என்றாள் பையனின் அம்மா.

"சங்கைத் தின்னவும் செய்வாங்களா?" என்று என் பெண்சாதி என் காதில் கேட்டாள். தின்னு பார் என்றேன்.

கடித்தால் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். பிறகு இனிக்கும். அம்மா இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள். மாமா தொடவில்லை.

கை கழுவப் போனபோது மாமா என்னைத் தென்னைக்குப் பின்னால் இழுத்தார்.

"மருமவனே, ஓடு எங்கலே?"

"என்ன ஓடு?"

"குப்பையில சிப்பி ஓடு கெடக்கு. மீன் முள்ளு கெடக்கு. சங்கு ஓடு ஒண்ணு கூட இல்ல. இது வயல் நத்தை. நத்தையப் போட்டுட்டு சங்குன்னு சொல்லுதா. சோத்துக்கு வழியில்லாத வீடுலே. நாளைக்கு நம்ம பிள்ளையும் வயல்ல நத்தை பெறக்கும்."

பையனின் அப்பாவிடம் சும்மா கேட்பது போல் ஓட்டைப் பற்றிக் கேட்டேன். கடலில் சங்கு எடுக்கக் குத்தகை பிடித்தவரின் ஆள் ஓட்டைக் கரையிலேயே வாங்கிக்கொண்டு போவான், சதை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்றார். மாமா கண்ணைச் சிமிட்டினார். சொல்லி வைத்த பதில் என்று அர்த்தம்.

இலை எடுக்கும் முன் மாமா ஒரு கறித்துண்டை வாழைக்கீற்றில் மடித்து மடியில் செருகினார். பையனின் அம்மா கதவோரம் நின்றாள். பார்த்தாளா என்று தெரியவில்லை. முகம் மாறவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் மீன்காரி கூடையை இறக்கினாள். மாமா அந்தக் கறித்துண்டை நீட்டினார்.

"இது சங்கா, நத்தையா?"

அவள் முகர்ந்து பார்த்தாள். "வெந்து போச்சு. மசாலாவும் பிடிச்சாச்சு. இனி யாரு கண்டா? பூனைக்குப் போடும், அண்ணே. சாளை வேணுமா?"

"பாத்தியா, அவளுக்கே தெரியல," என்றார் மாமா.

தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அம்மா, கறி நல்லா இருந்துதா?"

"இருந்துது."

"அண்ணே, உனக்கு?"

"இருந்துது."

"அப்ப நத்தையானாலும் நல்லா வைக்கத் தெரிஞ்ச வீடு. மாமா, நீங்க வேற எடம் எதும் கொண்டு வந்திருக்கியளா?"

மாமா சாளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சம்மதம் என்று நான் அன்றே ஆள் அனுப்பினேன்.

கல்யாணம் தையில் நடந்தது. மறுவீட்டுக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஒரு தூக்குப் பாத்திரம் நிறையச் சங்குக் கறி. கூடவே ஓலையில் கட்டிய பொட்டலம்.

"அத்தை இதை மாமாவுக்குக் குடுக்கச் சொன்னாங்க," என்றாள் தங்கை. "ஓடு குத்தகைக்காரனுக்கு, மூடி வீட்டுக்குன்னு சொல்லச் சொன்னாங்க."

மாமா பிரித்தார். சங்கு உள்ளே இழுத்துக்கொண்டதும் வாயை அடைக்கிற மூடிகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம், தவிட்டு நிறம், கொம்பு போலக் கெட்டி. நத்தைக்கும் மூடி உண்டு. அது சின்னது, மெல்லிசு. மாமாவுக்கு அது தெரியும்.

மாமா கறித்துண்டை மடியில் செருகியதை அந்த அம்மாள் அன்றைக்குப் பார்த்திருக்கிறாள்.

"அன்னைக்கு உள்ளதுதானான்னு எப்படி நம்புகது?" என்றார் மாமா. ஏழு பேர் தின்ன எத்தனை சங்கு வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். ஆளுக்கு ரெண்டு போதும் என்று மாப்பிள்ளை சிரித்தார். மாமா மூடிகளைத் தரையில் வரிசையாக வைத்து எண்ணினார்.

பதினெட்டு. நாலு கூடுதல்.