வாள் கொடுக்கப்பட்ட கை

மதுரை செல்லூரில் ஒரு தறிப்பட்டறையின் தகரக் கூரைமேல் போன வாரம் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன். ஒழுகாமலிருக்க விரித்து, மேலே செங்கல் வைத்திருந்தார்கள். முகம் இருந்த பக்கம் மடிந்து கிடந்தது. வெளுத்துப்போன குதிரைக் கழுத்தும், நீட்டிய ஒரு கையும், அதில் ஒரு வாளும் மட்டும் தெரிந்தன. அந்தக் கையைப் படம் எடுத்தவன் நான்.

அந்த வார்டு கவுன்சிலரை எல்லோரும் கவுன்சிலரக்கா என்பார்கள். நான் அப்போது ஒரு நாளிதழின் நிருபர். குடிநீரில் சாயக்கழிவு கலப்பதாகப் புகார் வந்து போயிருந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடை ஓரம் நின்று, குழாய் உடைந்த இடத்தை அவர் கை நீட்டிக் காட்டினார். வாளெடுத்துப் பகைவரைத் துரத்தும் ஒரு கற்பனை ராணியின் தொடர் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தது. 'களமிறங்கினார் செல்லூர் ராணி' என்று தலைப்பு வைத்தேன். யோசிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு ஆட்கள் ஃபிளெக்ஸ் அடித்தபோது, எங்கள் படத்தின் முகத்தையும் கையையும் வெட்டி, ராணியின் உடம்பில் ஒட்டி, வாளையும் கொடுத்துவிட்டார்கள்.

மதுரையில் ஆண் தலைவர்களுக்கும் கிரீடம் வைப்பதுண்டு. மறுநாள் அவர்கள் வேட்டி சட்டையில் வந்தால் கிரீடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அக்காவிடம் மட்டும் வாளைக் கேட்டார்கள். அவரோ சாயப்பட்டறைக்காரர்களையும் மாநகராட்சிப் பொறியாளரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நாலு மாதம் பேசினார். பட்டறையை மூடினால் அதே தெருவில்தான் அடுப்பெரியாது என்று அவருக்குத் தெரியும். கழிவுக்கு ஒரு வருஷத்துக்குள் தனிக்குழாய் போட்டுவிடுவதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

"ராணி குதிரைய வித்து டீ வாங்கிக் குடுக்குறாகப்பா" என்றார் தெருமுனையில் ஒருவர். சிரித்தவர்களில் நானும் உண்டு. 'உறைக்குள் போன வாள்' என்று செய்தி எழுதினேன். தனிக்குழாய் விவரத்தைக் கடைசிப் பத்தியில் வைத்திருந்தேன். இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெட்டினார்கள்.

அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். முடிவு வந்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"தம்பி, நான் கொழாயத்தான் காட்டுனேன். வாள நீங்களாக் குடுத்தீக. பெறகு, எங்க வாளுன்னு நீங்களே கேட்டீக."

அங்கும் டீ வந்தது, குடித்துவிட்டு வந்தேன். தனிக்குழாய் சொன்னபடி ஒரு வருஷத்துக்குள்ளேயே போட்டு முடிந்தது. அதை நான் எழுதவில்லை.

கூரைமேல் இருப்பது யார் என்று பட்டறையில் நின்ற இளைஞரிடம் கேட்டேன். அண்ணாந்து பார்த்து, "ஏதோ சீரியல் ராணிண்ணே" என்றார். அக்காவின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. எதிரே தெருக்குழாயில் ஒரு பெண் குடம் வைத்திருந்தார். தண்ணீர் நிறமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.