கட்டிலோடு தூக்க ஆளில்லை

நீலசந்திராவில் எங்கள் சந்து பெரிய மோரி என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. மழை வலுத்தால் மோரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும். டிவியைப் பரண்மேல் ஏற்று, ரேஷன் கார்டை இடுப்பில் செருகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கிற ஸ்கூலுக்கு ஓடு.

அந்த ஓட்டம்தான் எங்கள் வீட்டில் ஆகாத காரியம். என் வீட்டுக்காரர் கட்டிட மேஸ்திரி. சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போனது. அதற்குப் பிறகு அவருக்கு இரும்புக் கட்டில்தான் வீடு, வாசல், ஊர் எல்லாம். ஆள் நல்ல கனம். நான் ஒருத்தியாக அவரைப் புரட்டிவிடுவேன், துடைத்துவிடுவேன். தூக்க முடியாது. அதுவரை வந்த வெள்ளமெல்லாம் கட்டில் காலை நனைத்துவிட்டுப் போனது. இன்னும் ஏறினால் என்ன செய்வது என்ற பயத்தில், மேகம் கறுக்கும்போதெல்லாம் போய் மோரியை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

கடல் பொங்கிக் கரையோரத்து ஜனங்களை வாரிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம் ஒரு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். கடலோர ஊர்களில் சொல்லிக்கொடுப்பதை, பள்ளத்தில் இருக்கிற உங்களுக்கும் சொல்லித்தருகிறோம் என்றார்கள். கோயில் சுவரில் ஒரு படம் மாட்டினார்கள். அலை, தென்னைமரம், விசில் ஊதுகிற ஒரு ஆள். மற்ற எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோல் ஊன்றிய கிழவி கூட ஓடினாள். என் வீட்டுக்காரர் மாதிரி ஒருவர் அதில் எங்கே என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

கூட்டத்தில் வாய் திறக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரிதான் எனக்காகக் கேட்டாள். "மேஸ்திரியால நடக்க முடியாதே மேடம், அவர இன்னா பண்றது?"

சொல்லிக்கொடுக்க வந்த பெண் சின்ன வயசு. பதிலைத் தயாராகவே வைத்திருந்தாள். "கட்டிலோட தூக்கிடணும்மா. நாலு ஆம்பளைங்க போதும். யாரு அந்த நாலு பேரு? இப்பவே கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. சந்தின் கோடி வீட்டுப் பெரியம்மாதான் பேசினாள். "இன்னா பேச்சும்மா இது, விளக்கு வைக்கிற நேரத்துல? உசுரோட இருக்கிற மனுசனை நாலு பேரு கட்டிலோட தூக்குறதா? அது எப்போ பண்றதுன்னு தெரியாதா உனக்கு?"

"ஆமா மேடம்," என்றான் ஒருவன். "எங்களுக்கு அது ஆகாது. வெறும் கட்டில்னா சொல்லுங்க, தூக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் தன்னோடு வந்த பெரியவரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமேலே நோடோண," என்றார் கன்னடத்தில். பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விசிலை மட்டும் சந்துக்குக் கொடுத்தார்கள்.

வீட்டில் சொன்னேன். அவர் சிரித்தார். "அவனுங்களுக்கு என் மேல எவ்ளோ ஆசை பாரு. நான் செத்துடக் கூடாதாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவர் நல்லதுக்கு என்று சொல்லித்தான் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், தண்ணீர் வந்தது. வாசல் வழியாகவும் வந்தது, பின்னால் குளிக்கிற இடத்துச் சாக்கடை வழியாகவும் வந்தது. யாரோ விசில் ஊதினார்கள். சந்தே ஓடியது. நான் வாசலில் நின்றேன். பரணில்லாத வீட்டுக்காரர்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு டிவிக்கு இரண்டு ஆம்பிளைகள், குழந்தையைப் பிடிப்பதுபோல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு.

"நீ வாக்கா," என்றான் அதில் ஒருவன். "மேஸ்திரி கட்டில் மேலதான கீறாரு. தண்ணி தானா எறங்கிடும்."

உள்ளே தண்ணீர் கட்டிலின் சட்டத்துக்கு வந்துவிட்டது. மெத்தை ஊறத் தொடங்கியது. அவர் என்னைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "நீ போடி," என்றார். அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

என் வாயிலிருந்து அப்போது வந்த சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"செத்தா வருவீங்க இல்ல? கூப்புடாமலே நாலு பேரு வருவீங்க இல்ல? அந்த நாலு பேரு இப்போ வாங்கடா! செத்துட்டாருன்னு நெனச்சே தூக்குங்கடா!"

என்னைவிட மூத்தவர்களும் அங்கே இருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்துத்தான் 'டா' போட்டேன். டிவி ஒரு மதில்மேல் இறங்கியது. இரண்டு பேர் வந்தார்கள், பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கட்டில் தோளுக்கு ஏறியதும் அவருக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "மெதுவாடா. மேளத்துக்காரன் எங்கடா, காணோம்?"

"சும்மா இரு மேஸ்திரி," என்று ஒருவன் அதட்டினான்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் என் மார்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஸ்கூல் தாழ்வாரத்தில் கோடி வீட்டுப் பெரியம்மா எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு வந்தாள். நடந்தது தோஷமாம், சுற்றிப் போட வேண்டுமாம். "அத உங்க ஆம்பளைங்களுக்குச் சுத்து," என்றேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு பார்க்கலாம் என்றவர்கள் வரவே இல்லை.

அதற்குப் பிறகும் அவர் சில வருஷம் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி, ஒரு காலையில் போய்ச் சேர்ந்தார். நான் அழுது அந்தச் சத்தம் வெளியே போகிறதற்குள் வாசலில் ஆள் நின்றது. மூங்கில் வந்தது, பூ வந்தது. நாலு தோள் போதும் என்கிற இடத்தில் நான் முந்தி நீ முந்தி என்று தள்ளிக்கொண்டு அத்தனை பேர். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை.

நான் அவர் கட்டில் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.