ஒரே வாளியில் இரண்டு பந்து

என் தம்பியின் வலது தோளில் மூன்று அறுவைத் தழும்புகள் உண்டு. மூன்றுக்கும் கட்டு மாற்றியவள் நான். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் புரட்டித் துடைத்தவளுக்கு, ஒருவன் வாழ்க்கையைக் காயங்களின் வரிசையில்தான் சொல்ல வரும்.

முதல் காயம் முதுகில். அப்பா லேத் பட்டறைக்காரர். பெல்ட்டைக் கழற்றினால் கொக்கிப் பக்கமாகத்தான் வீசுவார். பத்து வயதில் அப்படி வாங்கிய மறுநாள், இவன் ஒரு கார்க் பந்தை எடுத்துப்போய்ப் பட்டறையின் பின்சுவரில் காரை பெயரும்வரை எறிந்தான். போகப் போகச் சுவர் இருந்த இடத்தில் ஆட்கள் வந்தார்கள்.

பதினெட்டு வயதில், கிளப் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றில், இவன் பந்து பட்டு, எதிரே மட்டையோடு நின்றவனுக்கு முன்பல் இரண்டும் போயின. இவன் அவற்றைப் பொறுக்கி அந்த ஆள் கையிலேயே கொடுத்து, "பத்திரமா வச்சுக்க, பல்செட் கட்டறப்ப அளவுக்கு ஆகும்" என்றானாம். அன்று ஒட்டிய பெயர் சம்மட்டி. தேசிய அணியில் ஆறு வருஷம் பந்து வீசினான். ஒரு தாடை, நான்கு விலா, எத்தனையோ விரல்கள் உடைந்தன. ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து நின்று, "இன்னொண்ணு போடு!" என்று கத்தும். ஏழாவது வருஷம் தோள் கிழிந்தது. மனைவி அதற்கு முன்பே இவனை விட்டுப் போய்விட்டாள். கதவை உடைத்தான் என்று காரணம் சொன்னாள். உடைந்தது கதவு மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

பிறகு பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கினான். வேகப்பந்தைக் கண்டாலே காலை நகர்த்திக்கொண்டு ஓடும் ஒரு சின்ன நாட்டு அணி அவனைக் கூப்பிட்டது. தோளைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போனேன்.

அவன் முறை இது. நீண்ட பிளாஸ்டிக் கரண்டியில் பந்தைக் கவ்வி, பதினைந்தடியிலிருந்து முகத்துக்கு வீசுவான். ஹெல்மெட் போட்டவனுக்குத் தோல்பந்து. பயம் தெளிய வேண்டியவன் மட்டையும் ஹெல்மெட்டும் இல்லாமல், கையைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும்; அவனுக்குக் கனம் கூடிய டென்னிஸ் பந்து. இரண்டுக்கும் மேலே டேப் சுற்றியிருக்கும், இரண்டும் ஒரே வாளியில் கிடக்கும். பந்தை எடுக்கும்போது குனிந்து பார்க்க மாட்டான், கண் முழுக்க எதிரே நிற்பவன் மேல் இருக்கும்.

அணியின் சாமான்களைப் பார்த்துக்கொண்டவர் நாலு பெண்களைப் பெற்றவர், வாய் அதிகம் திறக்காதவர். அவரே இரண்டு தடவை கேட்டார்.

"சார், வேற வேற வாளி வச்சிடறேனே."

"எதுக்கு? கனம் என் கைக்குத் தெரியும்யா. நீ சாக்ஸை எண்ணு போ."

முறை பலித்தது. எட்டு மாதத்தில் அந்தச் சின்ன அணி பெரிய அணி ஒன்றை மண் கவ்வ வைத்தது. இன்னும் இரண்டு நாடுகள் இவனை வேலைக்குக் கேட்டன.

மூன்றாவது அறுவைக்குப் பிறகு ஒரு காலையில், அடுப்பிலிருந்த கெட்டிலை வெறும் வலது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான். தோல் வெந்த வாடை எனக்குத்தான் வந்தது.

"கையில உணர்ச்சி இல்லையாடா?"

"ரெண்டு விரல் கொஞ்சம் மரத்துருக்கு. ஊரைக் கூட்டாத."

"டாக்டர்கிட்ட சொல்லு."

"சொன்னா வேலை போயிடும்க்கா. நீ என்ன, பெரிய சர்ஜனா?"

கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மாதம் மூடியிருந்தேன். நோயாளியின் பேச்சைக் கேட்டுக் குறிப்பில் எழுதாமல் விடுவது எங்கள் வேலையில் பெரிய குற்றம். அதை நான் செய்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தொடக்க ஆட்டக்காரன் வெறுந்தலையோடு நின்றான். ஒன்பது பந்து நன்றாக விலகினான். பத்தாவது தோல்பந்து. தேங்காய் உடைவதுபோல் ஒரு சத்தம். வேலியோரம் நின்ற நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இடது கண்குழி உள்ளே போயிருந்தது, மூக்கிலும் வாயிலும் ரத்தம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் காப்பாற்றினேன். அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

என் தம்பி வாளியை உதைத்துக் கவிழ்த்தான். சாமான்காரரின் சட்டையைப் பிடித்து அவரை வலைக்கம்பத்தில் மோதினான். "பந்தைக் கலந்தது இவன்தான்!" அவர் உதடு கிழிந்தது. அன்றே சாமான்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடிவு வந்ததும் அவர் பேரில் போலீஸ் புகார் என்றார்கள்.

"உன் கையைப் பத்தி நாளைக்கு விசாரணையில சொல்லப்போறேன்" என்று இவனிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். தண்ணீர் ஜாடி பறந்து வந்தது. என் புருவத்தில் ஐந்து தையல்.

"உனக்குச் சோறு போட்டவன்டி நான்!"

"எனக்குப் பென்ஷன் வருது. துணியை எடுத்து அழுத்து, ரத்தம் கண்ணுல இறங்குது."

அழுத்தினான். அப்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தான்.

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். தெரிந்ததைச் சொன்னேன். நான் இரண்டு மாதம் மறைத்ததையும் சொன்னேன். சாமான்காரர் மூலையில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அக்காவுக்கு மறதி சார். வயசாச்சு" என்றான் தம்பி.

"அவன் கண்ணைக் கட்டிட்டு ரெண்டு பந்தையும் வலது கையில மாத்தி மாத்திக் குடுங்க. எது தோல்பந்துன்னு அவனே சொல்லட்டும்" என்றேன்.

தலைவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். நானே கட்டினேன். முதல் பந்தை வாங்கி உருட்டினான், அடுத்ததையும் உருட்டினான். மறுபடி முதலாவதைக் கேட்டான். அவன் கழுத்தில் வியர்வை இறங்கியது. கடைசியில் டென்னிஸ் பந்தை உயர்த்தி, "இதுதான்" என்றான்.

கட்டை அவிழ்த்தேன். கையிலிருந்ததைப் பார்த்தான். ஓங்கி எறிந்தான், அது சுவரில் பட்டு, தலைவரின் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டு, மேஜைக்கடியில் உருண்டது. மறு கணமே நாற்காலியைத் தூக்கினான். இரண்டு காவலாளிகள் அவனைத் தரையோடு அழுத்தினார்கள். தோள் மூட்டு நழுவிய சத்தம் எனக்குப் பழக்கமானது.

"அந்தக் கையைத் திருகாதீங்க, நகருங்க" என்று மண்டியிட்டேன்.

முகம் தரையில் அழுந்தியிருக்க, மூலையில் இருந்தவரைப் பார்த்துத்தான் பேசினான்.

"ரெண்டு தடவை சொன்னான் சார் அவன், வேற வாளி வைக்கலாம்னு. எழுதிக்குங்க. நான்தான் கேக்கல."

எழுதிக்கொண்டார்கள். நான் அவனை மல்லாக்கப் புரட்டி, அக்குளில் குதிகாலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மூட்டு ஏறியது. அலறினான்.