தக்காளியை அழுத்திப் பார்க்கிறவள்

உருகுவே தலைநகர் மொந்தேவிதேயோவின் நாளிதழ் ஒன்றில் நெல்பா எச்செகாராய் இருபத்தாறு வருஷம், வாராவாரம் தொழில்நுட்பமும் வணிகமும் பற்றிப் பத்தி எழுதினாள். எத்தனையோ கணிப்புகள் பலித்தன. அவற்றை ஒருத்தரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஊர் மறக்காதது, பொய்த்துப்போன ஒன்றே ஒன்று: "நம் ஊர்க்காரர்கள் இணையத்தில் காய்கறி வாங்கவே மாட்டார்கள். அழுத்திப் பார்க்காமல் யார் தக்காளி வாங்குவார்கள்?"

சனிக்கிழமைச் சந்தையில் காய்கறி விற்கும் வாஷிங்டன் அந்தப் பத்தியைக் கத்தரித்துத் தராசுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். இப்போது அவருக்கே பாதி வியாபாரம் போனில் வரும் இணைய ஆர்டர்தான்.

ஓய்வு பெற்ற மறுநாள், கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் கோப்பையுமாக நெல்பா வந்தாள். மஞ்சளேறிய காகிதத்தைப் பார்த்ததும் சுருக்கென்றது.

"அதைக் கிழிச்சுப் போடுங்க வாஷிங்டன். இத்தனை வருஷமா என் மானத்த வாங்குறீங்க."

"நல்லா இருக்கே!" போனில் வந்த ஆர்டருக்குக் கீரை கட்டிக்கொண்டே அவர் சிரித்தார். "ஊரே போன்ல கேக்குது. மழையோ வெயிலோ, வாரம் தவறாம வந்து என் தக்காளிய அமுக்கிப் பாக்குற ஒரே ஆள் நீங்கதான். எழுதின வார்த்தைய ஒத்தை ஆளா நின்னு காப்பாத்துறீங்களேன்னுதான் ஒட்டி வெச்சிருக்கேன்."

நெல்பா ஒரு தக்காளியை எடுத்து, வழக்கத்தைவிட மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

"இது வேண்டாம், காயா இருக்கு," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.