நத்தையின் இருபது மீட்டர்

நத்தை என்று அவருக்குப் பேர் வைத்தது சொந்தக்காரர்கள் இல்லை. பின்னால் வந்த வண்டிக்காரர்கள்.

குடிநீர் ஆபீசில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. வாசலுக்கு வாசல் இறங்கி ஏறினால் இடுப்பு கழன்றுவிடும் என்று பைக்கை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போவார். சுவரோரம் இருக்கும் மீட்டரை எட்டிப் பார்த்து எண்ணை முணுமுணுத்துக்கொள்வார். நாலு வீட்டுக்கு ஒருதரம் நின்று எழுதுவார். நடுவில் கால் தரையில் படாது. பின்னால் வருகிறவன் சும்மா இருப்பானா? ஹாரனில் கையை வைத்தால் எடுக்கமாட்டான்.

"யோவ் நத்தை! தூக்கம் வந்தா வீட்ல போய்ப் படு!"

இருபத்திரண்டு வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு ஒரு காது மந்தம். இன்னொன்றும் சுமார்தான்.

பைக்குக்கும் வேலைக்கும் ஒரே வயசு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கார்புரேட்டரைக் கழற்றிவிடுவார். உள்ளே இருக்கும் ஜெட் என்கிற பொடிப் பித்தளைத் திருகைப் பெட்ரோலில் அலசி, ஊதி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். அந்தத் துளி ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சட்டையில பெட்ரோல் வாசம், தலகாணியில பெட்ரோல் வாசம். குடிக்கிற தண்ணியிலகூட பெட்ரோல் வாசம்! எனக்குத் தாலி கட்டினீங்களா, அதுக்குக் கட்டினீங்களா?"

அவளுடைய தம்பி அதே ஆபீசில் பம்ப் ஆபரேட்டர். கார்புரேட்டரே இல்லாத புது பைக் வாங்கியிருந்தான். வாங்கினவன் சும்மா ஓட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே? அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி வாயைக் கொடுத்தான்.

"மாமா, ஆபீஸ் விளையாட்டு விழால பைக் மெதுவோட்டம் வச்சிருக்காங்க. இருபது மீட்டர். கால் ஊனக் கூடாது, நிக்கக் கூடாது, கடைசியா வர்றவன் ஜெயிச்சான். வாங்களேன், உங்க டப்பாவுக்கு ஏத்த போட்டி."

"வர்றேன்டா. நீ தோத்துட்டு அக்கா மடியில உக்காந்து அழக் கூடாது."

மனைவி இடையில் புகுந்தாள். "தோத்தா இந்தச் சனியனைப் போட்டுட்டு புது வண்டி எடுக்கணும். சம்மதமா?"

"சம்மதம். ஜெயிச்சா அப்புறம் இந்த வீட்டுல யாரும் என் வண்டியைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

விழா நாள் காலையில் அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டி பளபளவென்று நிற்கிறது! மனைவி கையில் தண்ணீர்க் குழாய். "போறதுதான் போகுது, சுத்தமாப் போகட்டும்னு மூலை முடுக்கெல்லாம் பீச்சி அடிச்சிட்டேன்" என்றாள். நத்தை ஓடிப்போய்க் கார்புரேட்டரைத் தடவினார், கை சொட்டச் சொட்ட நனைந்தது.

பயந்தது சரிதான். ஒரு தெரு தாண்டுவதற்குள் வண்டி இருமியது. முதல் சிக்னலில் நின்றது. உதைத்துக் கிளப்பினார். அடுத்த சிக்னலில் பச்சை விழுந்த நொடியில் மறுபடி நின்றது. பின்னால் பத்து ஹாரன். பின்சீட்டில் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மைதானத்துக்கு வந்தபோது போட்டிக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. நத்தை மண்ணில் குந்திவிட்டார். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்துத் திருகாணியை இளக்கி, வழிந்ததைப் பாட்டில் மூடியில் பிடித்தார். பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்! ஏர் பில்டரைப் பிழிந்தால் பிழிந்த இடத்தில் சொட்டுகிறது. கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தார். ஜெட்டை வாயில் வைத்து ஊதினார். வெளிச்சத்தில் பார்த்தார். தெரிந்தது! கிடுகிடுவென்று பூட்டி உதைத்தார். வண்டி எழுந்துகொண்டது.

அதற்கு மேல்தான் காது கைவிட்டது. மெதுவோட்டம் என்றால் ஐட்லிங்தான் உயிர், கையை முறுக்காதபோது இஞ்சின் ஓடுகிற வேகம். அதற்கான திருகாணியை மயிரிழை கூட்டினால் வண்டி முன்னால் தள்ளும். மயிரிழை குறைத்தால் செத்துப்போகும். அந்த இரைச்சலில் அவருடைய காதுக்கு இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. திருகுகிறார், குனிகிறார், மறுபடி திருகுகிறார். வேர்த்து ஊற்றுகிறது.

மனைவி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"கூட வச்சிட்டீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க? குறைங்க. இன்னும் கொஞ்சம். அய்யோ, அவ்வளவு இல்ல, ஏத்துங்க."

தம்பி ஓடிவந்தான். "அக்கா! நீ யார் பக்கம்?"

"சும்மா இருடா, சத்தம் கேக்கல." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ம்... ம்... நிறுத்துங்க! இதுதான். சாயந்திரம் நம்ம வாசல்ல வந்து நிக்கிற சத்தம். இதைக் கேட்டுட்டுத்தானே நான் அடுப்பு பத்தவைக்கிறேன்."

விசில்!

அஞ்சு வண்டி கிளம்பியது. பத்தடி போவதற்குள் ரெண்டு பேர் கால் ஊன்றிவிட்டார்கள். ஒருத்தன் பக்கத்துக் கோட்டை மிதித்து வெளியேறினான். மிச்சம் மாமனும் மச்சானும். புது வண்டியின் ஐட்லிங் கம்பெனியில் வைத்ததுதான், குறைக்க வழியில்லை. அது கட்டுக்கு நிற்காத கன்றுக்குட்டி மாதிரி இழுத்தது. தம்பி பிரேக்கை அழுத்த, கிளட்ச் கருகி நாற்றமடித்தது.

பாதி வழியில் நத்தையின் இஞ்சின் 'டுப்' என்று ஒரு தரம் இருமியது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. அவர் கையை முறுக்கவில்லை. அசையாமல் காத்தார். எடுத்துக்கொண்டது!

தம்பிக்குப் பொறுக்கவில்லை. மாமாவை மிரட்ட ஹாரனை அழுத்தினான். பாஆஆம்! நத்தை சிரித்துவிட்டார்.

"டேய், இருபத்திரண்டு வருஷ ஹாரன்டா எனக்கு! இது எந்த மூலைக்கு?"

ஹாரனுக்குப் போன கட்டைவிரலோடு கிளட்சும் நழுவியது. புது வண்டி துள்ளிக் கோட்டைத் தாண்டியது. பின்னால், இன்னும் நாலு மீட்டர் பாக்கி வைத்துக்கொண்டு, நத்தை ஏதோ மீட்டர் பார்க்கிறவர் மாதிரி ஆடி அசைந்து வந்துசேர்ந்தார். ஆபீசே எழுந்து நின்று கத்தியது. மனைவி போட்ட விசில்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்புகிற வழியில் அதே சிக்னல். வண்டி மறுபடி நின்றது. அடியில் எங்கேயோ இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர். பின்னால் காரில் வந்தவன் ஹாரனைப் பிடித்து அழுத்தினான். நத்தை உதைக்கக் காலைத் தூக்குவதற்குள் மனைவி பின்சீட்டிலிருந்து இறங்கிவிட்டாள். கையில் பரிசுக் கோப்பை.

"என்னய்யா அவசரம்? முதல் பரிசு வாங்கின வண்டி! அது கிளம்பும்போதுதான் கிளம்பும்!"