புதன்கிழமைகளில் லிங்காலா

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம், மாணவர் சங்கங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்க்கிற நாளில், நான் தமிழ்ச் சங்கத்தின் மேசையைத்தான் தேடிப் போனேன். அங்கே நின்றவர்கள் லண்டனில் பிறந்த பிள்ளைகள். அண்ணா, அக்கா என்ற இரண்டு சொற்களைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம், அதுவும் என் காது பிடிக்காத வேகம். நான் மன்னாரில் பிறந்தேன், பாரிசின் புறநகரில் பள்ளிக்கூடம் போனேன். சித்தப்பாவோடு சேர்ந்து கடை நடத்தலாம் என்று அப்பா எங்களை லண்டனின் கோலியர்ஸ் வுட்டுக்குக் கூட்டி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்குத் தமிழ் வரும், பிரெஞ்சு வரும். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கத்தான் பயம்.

பக்கத்து மேசை ஆப்பிரிக்கக் கலாசாரச் சங்கத்தினுடையது. அதன் பின்னால் நின்ற ஒருத்தி, கைபேசியில் தன் தாயோடு பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் அவரைக்கொட்டை கொதிப்பதை மறந்துவிட்டுத் தாய் சந்தைக்குப் போக வெளிக்கிட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டாள். தெரியும், ஆனால் நான் தமிழ், என்றேன். அவள் சொன்னதை என் தமிழிலேயே எழுதுகிறேன். அவளை நினைக்கும்போது எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

"அப்ப எங்கட சங்கத்துக்கே வா. ஆர் வந்தாலும் சேர்ப்பம் எண்டு விதியில இருக்கு."

அப்படித்தான் நான் ஆப்பிரிக்கக் கலாசாரச் சங்கத்தில் சேர்ந்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சங்கமும் இல்லையோ என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அவர்களோடு கதைக்க எனக்கு ஏலாது என்றேன். அம்மாவுக்கு அது விளங்கவில்லை.

என் சிநேகிதியின் தாய் தகப்பன் கொங்கோவில், கின்ஷாசாவில் பிறந்தவர்கள். அவள் பிறந்தது பெல்ஜியத்தில். தகப்பன் பிரிந்து போன பிறகு தாயும் மகளும் எங்களைப் போலவே ஐரோப்பாவிலிருந்து கிளம்பி லண்டனுக்கு வந்தார்கள். சங்கத்தில் பெரும்பாலானவர்கள் நைஜீரியா, கானா வழிப் பிள்ளைகள். எந்த நாட்டு ஜொலோஃப் சோறு ருசி என்று அவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த வாதத்தில் அவளுக்கு இடமில்லை. ஆட்டம் களைகட்டுகிற நேரத்தில் மட்டும் கொங்கோப் பாட்டுப் போடுவார்கள். எல்லோரும் எழும்பி ஆடுவார்கள், சொற்கள் ஒருவருக்கும் தெரியாது. தனக்கும் தெரியாது என்பதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம். அவளுடைய தாய் அவளோடு அந்தப் பாட்டுகளின் பாஷையான லிங்காலாவில் கதைத்ததே இல்லை. பிள்ளை நல்ல பள்ளிக்கூடம் போக வேண்டும், நல்ல பிரெஞ்சு கதைக்க வேண்டும் என்று, வீட்டில் தன் பாஷையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். தமக்கையோடு தொலைபேசியில் கதைக்கும்போதுதான் அது வெளியே வரும். அப்போது தாயின் குரலே வேறொன்றாக மாறிவிடும் என்று அவள் சொல்வாள்.

இரண்டாம் வருடம் அவளைச் சங்கத்தின் கலாசாரப் பொறுப்பாளராகத் தெரிவு செய்தார்கள். அவள் முதலில் செய்தது மொழி நேரம் ஒன்றைத் தொடங்கியது. புதன்கிழமைப் பின்னேரங்களில் எங்களுக்கு வகுப்பு இல்லை. மாணவர் ஒன்றியக் கட்டடத்தின் நிலக்கீழ் அறை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தன் மொழியைச் சொல்லித் தர வேண்டும். முடிந்தால் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரைக் கூட்டி வர வேண்டும். முதல் வாரம் நைஜீரியாவின் யொரூபா. அடுத்தது கானாவின் ட்வீ. வருகிறவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரப் போதுமானவர்கள், அவ்வளவுதான்.

மூன்றாவதாக அவளுடைய தாய் வந்தார். விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கிவிட்டு, பின்னேரம் நித்திரை கொள்கிற மனிசி. அன்றைக்கு நித்திரையை விட்டுவிட்டு, பூசைக்கு உடுக்கிற பெரிய பூப்போட்ட துணியில், தலைக்கட்டோடு வந்திருந்தார். எனக்கு அது பார்த்த முகம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போகிற அதே கத்தோலிக்கக் கோயிலில், ஆங்கிலப் பூசையில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர்.

வணக்கம் சொல்வதிலிருந்து தொடங்கினார். ம்போத்தே. அதற்குப் பிறகு, என்ன புதினம் என்று கேட்பது: சாங்கோ நீனி. நல்லம் என்பதற்கு மலாமு. அந்த முதற்சொல்லின் தொடக்கம் மற்றவர்களுக்கு வழுக்கியது. அம்பு, தம்பி என்று சொல்லிப் பழகிய என் வாய்க்கு அது பெரிய கஷ்டமாக இல்லை. அந்த அம்மா என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். பிறகு மகளைச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னது பிரெஞ்சுக்காரி சொன்னதுபோல இருந்தது. தாய் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

"ஆசியாக்காரப் பிள்ளைக்கு வருது. நான் பெத்த பிள்ளைக்கு வருதில்லை."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் பேருந்தில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடம் வந்ததும், மெல்ல வாயசைத்து, ம்போத்தே, ம்போத்தே என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு தாயின் பின்னால் இறங்கிப் போனாள்.

தாய் அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒருமுறை எங்களுக்கு ஒரு கதை சொன்னார். ஆமையும் சிறுத்தையும் வருகிற கதை. முதலில் லிங்காலாவில் முழுவதையும் சொன்னார், பிறகு பிரெஞ்சில் சுருக்கினார். பிரெஞ்சில் அது சின்னதாக, உப்பில்லாமல் இருந்தது. லிங்காலாவில் சொன்னபோது அவருடைய கைகளும் கண்களும் செய்த வேலையை நான் இன்னும் மறக்கவில்லை.

பங்குனி மாதத்தில் சங்கத்தின் கலாசார இரவு. வருடத்தில் அதுதான் பெரிய நிகழ்ச்சி. கொடிகள், உடை அணிவகுப்பு, நடனங்கள், பொரித்த வாழைக்காய். கொங்கோவுக்கென்று முதல்முறையாக ஒரு நடனம் கிடைத்தது, அதை அமைப்பது அவள். பழகுவதற்கு இடமில்லை. கிடைத்த ஒரே அறை எங்கள் புதன்கிழமை அறைதான். மொழி நேரத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம் என்று அவளே சொன்னாள். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு நடனத்தைப் பார்க்க ஒரு மண்டபமே வரும். பாஷை படிக்க வருகிறவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நடனம் நன்றாக வந்தது. முன்வரிசையில் இருந்த தாய் முழுப் பாட்டையும் கூடவே பாடினார். மேடையில் ஆடிய ஒருத்திக்கும் அந்தச் சொற்கள் தெரியாது. பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு ஒரு ஞாயிறு கோயில் வாசலில் அவர் என்னைப் பிடித்து, புதன்கிழமை எப்போது திரும்பத் தொடங்கும் என்று பிரெஞ்சில் கேட்டார். பரீட்சை முடியட்டும், புதிய தவணையில் தொடங்குவோம் என்றேன். இன்னும் நிறையக் கதைகள் வைத்திருப்பதாகச் சொன்னார்.

கோடையில் ஒருநாள் வேலை செய்கிற இடத்திலேயே விழுந்துவிட்டார். ஸ்ட்ரோக். வலது பக்கக் கை கால் வழங்கவில்லை, பேச்சு இல்லை. பல நாட்கள் அப்படியே இருந்தார். பிறகு ஒரு காலையில் பேச்சு வந்தது. மகள் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தது லிங்காலா மட்டும். பிள்ளைக்காக இருபது வருடம் கதைத்த பிரெஞ்சு வரவில்லை. அரைகுறை ஆங்கிலமும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், சிலருக்கு முதல் பாஷைதான் முதலில் வரும், மற்றவை பிறகு வரலாம், வராமலும் போகலாம் என்று சொன்னார். தாய் கட்டிலில் இருந்து மகளைப் பார்த்து நீளமாக எதையோ சொல்வார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவாள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், லிங்காலா தெரிந்த யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டோம். ஒருவரும் இல்லை. பிரசெல்ஸில் இருந்த தமக்கையோ வேலை முடிந்து இரவில்தான் தொலைபேசியில் கிடைப்பார். கென்யாப் பொடியன் ஒருவன் ஸ்வாஹிலியோடு வந்து முயன்று பார்த்தான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் முறை வைத்து வந்தார்கள், சோறு கொண்டுவந்தார்கள், தலையணை சரிசெய்தார்கள். நல்ல பிள்ளைகள்தான்.

ஆஸ்பத்திரியில் தொலைபேசி மூலம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்தார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தாதி ஒலிபெருக்கியைப் போட்டார். எங்கிருந்தோ ஒரு ஆணின் குரல், தூக்கம் கலையாத குரல். வலி எங்கே, எவ்வளவு என்று கேட்டு முடித்த பிறகு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். தாய் சொன்னார். அந்த மனிதர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்:

"பக்கத்தில நிக்கிற என்ர மகளைத் தலையாட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவளுக்கு விளங்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

அவள் அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

என் அம்மா இதையெல்லாம் என்னிடம் கேட்டறிந்து, ஒருநாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டு தானும் வந்தார். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கரண்டியால் ஊட்டிக்கொண்டே தமிழில் கதைக்கத் தொடங்கினார். பேருந்து பிந்தியது, கடையில் அப்பாவின் முதுகு நோ, மன்னாரில் இப்போது மழை. அந்த அம்மாவும் லிங்காலாவில் பதில் சொன்னார். இருவரும் மாறி மாறிக் கதைத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவவுக்குத் தமிழ் விளங்காது அம்மா, என்று மெதுவாகச் சொன்னேன்.

"இங்க ஆற்ற பாஷை அவவுக்கு விளங்குது? நான் கதைச்சா ஆள் கதைக்கிறா. வாய் வழங்கட்டும்."

அதற்குப் பிறகு அம்மா அடிக்கடி போனார். ஆனால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ததும் போதவில்லை. பிரசெல்ஸிலிருந்து தமக்கை நேரில் வந்து பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து இருவரும் பேசத் தொடங்கியதும் அந்த அம்மாவின் முகம் முழுதும் மாறியது. தமக்கை தன்னோடு கூட்டிப் போகிறேன் என்றார். வேறு வழியும் இருக்கவில்லை. என் சிநேகிதி படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் தாயோடு போனாள். ஒரு வருடத்தில் வந்து முடிப்பேன் என்றாள். வரவில்லை.

அந்த ஐப்பசியில் சங்கத்தின் புதிய குழுவிடம் மொழி நேரத்தைப் பற்றிக் கேட்டேன். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு புதன்கிழமை நடந்தது. பிறகு பொறுப்பெடுக்க ஆள் இல்லை. எனக்குச் சொல்லித்தர ஆப்பிரிக்க மொழி எதுவும் தெரியாது. கடைசி வருடப் படிப்பு வேறு. அப்படியே விட்டுப்போயிற்று. அந்த அம்மாவின் ஆமைக் கதையை அன்றைக்கு யாராவது கைபேசியில் பதிந்திருக்கலாம். நடனங்களைப் பதிந்தோம், உடை அணிவகுப்பைப் பதிந்தோம், சோற்றுத் தட்டைக்கூடப் பதிந்தோம். அந்தக் கதை மட்டும் ஒருவரிடமும் இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பது அவர் பிரெஞ்சில் சொன்ன சுருக்கம்தான்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனபின் ஒரு வார இறுதியில் பிரசெல்ஸுக்குப் போனேன். அந்த அம்மா ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். கோல் ஊன்றி நடக்கிறார். பிரெஞ்சு இன்னும் வரவில்லை. நான் ம்போத்தே என்றதும் என் கன்னத்தைத் தட்டினார். அதற்கு மேல் எனக்கு அவரோடு கதைக்கத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டில் அவர் தமக்கைக்கு எதையோ சொன்னார். தமக்கை கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் சிநேகிதியும் சிரித்தாள், ஒரு கணம் பிந்தி.

குசினியில் கோப்பைகளைக் கழுவும்போது கேட்டேன், இப்போது எல்லாம் விளங்குகிறதா என்று. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மருந்து, சாப்பாடு, நோ, குளிர் எல்லாம் கதைக்க ஏலும். சண்டை பிடிக்கவும் பழகிட்டன். பகிடிதான் விளங்கிறேல்லை. பெரியம்மா சிரிக்கிறதைப் பாத்துத்தான் சிரிக்கிறன்."

அதுவும் வரும் என்றேன். அவள் அடுத்த கோப்பையை எடுத்தாள். நான் துவாயை எடுத்து, அவள் கழுவி வைத்தவற்றைத் துடைக்கத் தொடங்கினேன்.