கன்னச்சிவப்பனும் நீலத்தலையனும்

சித்தி கோழிக்கடையில் வேலை செய்பவள். ஒரு நாளைக்கு அறுபது எழுபது கழுத்து. கத்திகூட அப்புறம்தான், முதலில் இரண்டு விரல், ஒரு திருகு. சித்தப்பா ஒரே ஒருமுறை கை ஓங்கினார். அவர் மணிக்கட்டுதான் இரண்டு இடத்தில் உடைந்தது. அதோடு அவர் வேறு ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

அப்படிப்பட்டவள் சமையலறை ஜன்னலோரம் கட்டைவிரல் அளவு ஃபிஞ்ச் குருவி ஒன்றை வளர்த்தாள். வான்நீல வயிறு, பழுப்பு முதுகு, இரண்டு கன்னத்திலும் அறை வாங்கியதுபோல் சிவப்பு. அவனுக்கு ஜோடி தேடிப் பறவைக் கடைக்குப் போனாள்.

"கன்னத்துல சிவப்பு இல்லையா, அப்ப பொட்டைதான். கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போக்கா" என்றார் கடைக்காரர். அப்படியேதான் எடுத்து வந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை கூண்டுத் தரையில் புதுசு செத்துக் கிடந்தது. முன்மண்டை உரிந்து எலும்பு தெரிந்தது. ஒரு கண் இல்லை. கம்பியில் உட்கார்ந்து பழையவன் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டினவளைக் கொன்ன நாயே!" சித்தி கையை விட்டு அவனைப் பிடித்தாள். கழுத்து அந்த இரண்டு விரலுக்கு நடுவே வந்துவிட்டது.

"சித்தி, திருகிடாதே! முதல்ல கடைக்காரரைக் கேப்போம். இவன் எங்க ஓடப் போறான்?"

செத்ததை நான் காகிதத்தில் சுருட்டிக்கொண்டேன். உயிரோடிருந்தவன் அவள் பிடியிலேயே வந்தான். அவள் விரலையே பார்த்துக்கொண்டு நடந்ததில் நான் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டேன்.

கடைக்காரர் காகிதத்தைப் பிரித்தார். பின்மண்டையில் மிச்சமிருந்த நீல இறகைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அக்கா, இது பொட்டையே இல்லக்கா. வேற இனம், பங்காளி மாதிரி. இதுல ஆணுக்குக் கன்னம் சிவக்காது, தலை முழுக்க நீலமா இருக்கும். உங்களோடதுல பொட்டைக்கு உச்சந்தலை பழுப்பு. மாத்திக் குடுத்துட்டேன்."

"அப்ப இவன் கட்டினவளை அடிக்கல?"

"வீட்டுக்குள்ள பூந்தவனை அடிச்சிருக்கான்."

சித்தியின் இடது கை பாய்ந்தது. கடைக்காரர் தீனித் தட்டுகளோடு சரிந்தார். முன்பல் ஒன்று தினைக்குள் போனது. அப்புறம் இடுப்பில் இரண்டு மிதி. வலது கை மட்டும் நெஞ்சோடு அசையாமல் இருந்தது.

"விடு சித்தி, இவரை உரிச்சா ஒரு கிலோகூடத் தேறாது" என்று இழுத்து வந்தேன்.

வீட்டில் கூண்டுக்குள் கையை விட்டு விரித்தாள். வியர்வையில் இறகு ஒட்டிப்போய் அவன் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். பிறகு நகத்தோரச் சதையைக் கவ்வித் திருகினான். ரத்தம் வந்தது.

"கொத்துடா. எவனையோ உன் வீட்டுக்குள்ள விட்டவ நான்தானே."

அவன் ஓயும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அன்று வேலைக்கும் போகவில்லை.